ஐந்து புள்ளிக்காரன்

வாசுதேவன் ஆட்களுக்குப் புள்ளி போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் கொறற்றிக்கு வயிற்றைக் குமட்டும். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவன்கூட மாட்டை நாலடி நடக்கவிட்டுத்தான் விலை பேசுவான். இந்த மனுசன் அதுவும் செய்வதில்லை. ஜேர்மனியின் எசன் நகரில் அகதிகளைக் குடிவைத்திருந்த பழைய பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் புதிதாக யாராவது வந்து இறங்கினால் போதும், வந்தவனுடைய சப்பாத்தின் ஈரம் காயுமுன் கொப்பியும் பேனையுமாக முன்னால் போய் நிற்பார்.

“நீர் எந்தக் கொலிச்?”

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தைத்தான் கொலிச் என்பார்கள். பட்டணத்துப் பெரிய கொலிச் ஒன்றின் பெயரைச் சொன்னால் ஒரு புள்ளி. கொலிச்சின் உதைபந்தாட்ட அணியில் முதல் பதினொருவரில் ஆடியிருந்தால் இன்னொன்று. ஆட்டத்துக்காகப் பள்ளிக்கூடம் விருது கொடுத்துக் கௌரவித்திருந்தால் மூன்றாவது. அவன் ஆடியதைக் கண்ணால் கண்ட “தகுதியான ஆள்” யாராவது இருந்தால் நாலாவது. பிறகு குரலைத் தாழ்த்தி, “எந்தப் பக்கம், ஆற்றை மகன்” என்று ஊரும் தகப்பன் பேரும் விசாரிப்பார். பதில் மனதுக்குப் பிடித்தால் ஐந்தாவதும் விழும். அந்தக் கடைசிப் புள்ளிக்கு அவர் கொப்பியில் வைத்திருந்த பெயர் ஒழுக்கம். என்ன ஒழுக்கம் என்பது கட்டடத்தில் இருந்த எல்லோருக்கும் விளங்கும். விளங்கினாலும் ஒருவரும் வாய் திறப்பதில்லை, அதுதான் அதைவிட அரியண்டம்.

எங்கே, இந்தப் பந்தை ஒரு தரம் உதைத்துக் காட்டு பார்ப்போம் என்று மட்டும் அவர் ஒருவனையும் கேட்டது கிடையாது.

கிழமை நாட்களில் ஒரு இத்தாலியன் கடையில் கோப்பை கழுவுகிற வாசுதேவன், சனி ஞாயிறில் எசன் தமிழர் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். தானும் ஒரு காலத்தில் பெரிய கொலிச்சின் முதல் பதினொருவரில் ஆடியவர் என்று சொல்லிக்கொள்வார். அதைப் பார்த்தவர்கள் ஒருவரும் ஜேர்மனிக்கு வந்து சேராதது அவருடைய அதிர்ஷ்டம்.

கொறற்றியின் தம்பி அல்பேர்ட் எண்பத்தைந்தாம் ஆண்டு வந்து இறங்கியபோது அவனுக்கும் அந்தக் கேள்வி விழுந்தது. அவன் மன்னார்க்காரன். படித்தது கோயிலை ஒட்டிய சின்னப் பள்ளிக்கூடம், ஆடியது பங்கு இளைஞர் அணிக்குக் கோல்கீப்பராக. அதைச் சொன்னான்.

“மன்னாரிலை பந்தை விட்டால் கடலுக்கை எல்லோ போயிடும். அங்கை எங்கை பந்தடி?” என்றார் வாசுதேவன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு பெரிய மனது பண்ணி, ஜேர்மனிவரை வந்து சேர்ந்த முயற்சிக்காக ஒரு புள்ளி போட்டுக்கொண்டார்.

அதே கிழமை வந்த பாஸ்கரனுக்கு ஐந்து. அவன் கேட்டு வாங்கிய ஐந்து இல்லை. வாசுதேவன் படித்த அதே கொலிச்சில் படித்த பாவம், அவ்வளவுதான். “அண்ணை, நான் ரெண்டாவது அணியிலைதான் ஆடினனான்,” என்று உள்ளதைச் சொல்லிப் பார்த்தான். “அது பறவாயில்லை, நீர் எங்கடை பிள்ளை,” என்று தோளில் தட்டிவிட்டார் வாசுதேவன். வேடிக்கை என்னவென்றால், பாஸ்கரன் உண்மையிலேயே பந்தடிக்காரன். கட்டடத்தின் பின்னால் இருந்த கார் நிறுத்தும் இடத்தில் அவன் பந்தைக் கொண்டு ஓடினால், சமையலறை யன்னலால் எட்டிப் பார்க்கிற பெண்கள்கூட அடுப்பை மறந்து நிற்பார்கள். “அவன்ரை அடி எந்தப் பக்கத்தாலை வருகுதெண்டு கண்டுபிடிக்கேலாது, அக்கா,” என்று அல்பேர்ட் கை சிவக்கச் சிவக்க வந்து சொல்லுவான். ஆனால் வாசுதேவன் போட்ட ஐந்துக்கும் இந்த ஓட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவர் அந்தப் பக்கம் வந்து பார்த்ததே இல்லை.

எண்பத்தாறு ஆடி மாதம் கமின்ஸ்கி வந்தார். நகரத்தின் வடக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உதைபந்தாட்டக் கழகத்துக்குப் பயிற்சியாளர், வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிற ஒரு கம்பனிக்கு முதலாளி. அவருடைய கழகத்தில் பாதிப் பேர் வயது போய் விலகிவிட்டார்கள், மீதிப் பேருக்கு முழங்கால் போய்விட்டது. தமிழ்ப் பொடியள் நன்றாக ஓடுகிறார்கள் என்று பங்குச் சுவாமியார் சொல்லக் கேட்டு வந்திருந்தார். வாசுதேவனிடம் நாலு பேரின் பெயர், வயது, ஆடும் இடம், எவ்வளவு திறமை என்று ஒரு பட்டியல் தரச்சொன்னார். போகும்போது இன்னொன்றும் சொன்னார். அடுத்த வைகாசியில் ஆட்டப் பருவம் முடியும்போது, தேறுகிற ஒருவனைத் தன் கம்பனியில் அவுஸ்பில்டுங்குக்கு, அதாவது தொழில் பழக எடுத்துக்கொள்வார். வெளிநாட்டவர் அலுவலகத்தில் தானே நேரில் போய்ப் பேசி அனுமதி எடுத்துத் தருவார்.

அந்த ஒரு இடம் கிடைத்தால் அல்பேர்ட் பிழைப்பான். அவனுடைய அகதி மனு ஒரு தரம் தள்ளுப்பட்டு மேல்மனுவில் கிடந்தது. வேலை செய்யக் கூடாது, எசனை விட்டு வெளியே போகக் கூடாது, சும்மா இருக்க வேண்டும். சும்மா இருந்து இருந்து, அவன் பகலிலும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுக்கத் தொடங்கியிருந்தான். கொறற்றியும் புருசன் யோசப்பும் அவனை எழுப்பிக் குளிக்க அனுப்புவதே பெரும் பாடாயிருந்தது.

வேறு கோல்கீப்பர் இல்லாததால் வாசுதேவன் அல்பேர்ட்டையும் பட்டியலில் சேர்த்தார். அதை டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், தட்டச்சில் அடிக்கிற வேலை கொறற்றிக்கு வந்தது. அவளைவிட்டால் அங்கே டொச் தெரிந்த ஆள் இல்லை. ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை செய்துகொண்டே பின்னேர வகுப்புக்குப் போய்ப் படித்தவள்.

“நான் எழுதினதை அப்பிடியே அடியும், தங்கச்சி. ஒண்டும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்,” என்றார் வாசுதேவன்.

அப்படியே அடித்தாள். புள்ளிக்கு டொச்சில் என்ன என்று அகராதியைப் பார்த்து, “நோட்ட” என்று தலைப்புப் போட்டாள். அல்பேர்ட்டுக்கு நேரே ஒன்று. பாஸ்கரனுக்கு நேரே ஐந்து. அந்த ஒன்றை அடிக்கும்போது விரல் கூசியது, மனதுக்குள் வாசுதேவனைக் கிழி கிழியென்று கிழித்தாள். வேறொன்றும் அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

கமின்ஸ்கியின் கழகத்துக் கட்டடத்தில் பட்டியலைக் கையளித்த அன்று வாசுதேவன் கோட்டும் கழுத்துப்பட்டியும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கமின்ஸ்கி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரத்து வாசித்தார்.

“அல்பேர்ட், கோல்கீப்பர். ஐன்ஸ்.” ஒன்று என்று கண்டு திருப்தியாகத் தலையை ஆட்டினார். மற்ற இருவரைத் தாண்டிக் கடைசிப் பெயருக்கு வந்தார். “பாஸ்கரன், வலது பக்கம். ஃபுன்ஃப்.” கண்ணாடியைக் கழற்றினார். “ஐந்தா? உண்மையாகவா?”

டொச்சில் ஒன்று முதல் பத்துவரை எண்ணப் பழகியிருந்த வாசுதேவனுக்கு இந்த ஒரு சொல் பிடிபட்டது. நெஞ்சை நிமிர்த்தி, கையின் ஐந்து விரலையும் விரித்து, “யா, யா. ஃபுன்ஃப்,” என்றார். போதாதென்று பாஸ்கரனின் முதுகிலும் ஒரு தட்டுத் தட்டினார்.

அப்போதுதான் கொறற்றிக்கு உறைத்தது. முதல் வருசம் வகுப்புச் சோதனையில் தனக்கு விழுந்த இரண்டைச் சிவப்பு மையில் கண்டு அவள் வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறாள். அடுத்த நாள்தான் ரீச்சர் சொன்னார், இங்கே ஒன்றுதான் ஆகத் திறம், இரண்டு நல்லது, ஐந்து என்றால் தேறவில்லை, ஆறு அதைவிடக் கேடு. ஊரில் ஏறிப் போகிற இலக்கம் இங்கே இறங்கிப் போகிறது. இந்த ஆள் தன் செல்லப் பிள்ளையைத் தன் வாயாலேயே கழித்துவிட்டு ஐந்து விரலை விரித்துக்கொண்டு நிற்கிறார்.

கமின்ஸ்கி அவளைப் பார்த்தார். “இதெல்லாம் சரிதானே?”

பாஸ்கரன் பக்கத்தில் நின்றான். தனக்கு என்ன நடக்கிறது என்று தெரியாமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கொறற்றி அவனைப் பார்க்காமல் அல்பேர்ட்டைப் பார்த்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவன் தலை வாரி இழுத்து வந்திருந்தான்.

“யா,” என்றாள்.

“தன் ஆட்களைப் பற்றிப் புளுகாத ஒரு மனிதரை இன்றைக்குத்தான் காண்கிறேன்,” என்றார் கமின்ஸ்கி. “அவருடைய நேர்மைக்காக அந்த ஐந்தையும் எடுத்துக்கொள்கிறேன். ஓடித் திரியட்டும்.”

“என்னவாம்?” என்று கேட்டார் வாசுதேவன்.

“உங்கடை நேர்மை அவருக்கு நல்லாப் பிடிச்சிட்டுதாம், அண்ணை.”

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கொறற்றிக்கு உள்ளூரச் சிரிப்பு. அந்தக் கேடுகெட்ட கொப்பி தலைகீழாகி அவருடைய தலையிலேயே விழுந்ததில் அவளுக்கு நிறைந்த திருப்தி. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, அவர் எழுதியதை அடித்தேன், அவர் சொன்னதற்கு ஓம் என்றேன், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பட்டியலில் இருந்த மற்ற இருவரும் ஒரு மாதத்துக்குள் சொல்லாமல் கொள்ளாமல் பாரிசுக்குப் போய்விட்டார்கள். அல்பேர்ட்டும் பாஸ்கரனும்தான் மிச்சம்.

முதல் ஆட்டத்தில் அல்பேர்ட் நாலு கோல் விட்டான். அதில் இரண்டு, கண் தெரியாதவனும் பிடிக்கக்கூடிய பந்து. மொழிபெயர்க்கப் போயிருந்த கொறற்றிக்கு நிலத்தில் முகம் புதைக்கலாம் போலிருந்தது. கமின்ஸ்கி கோபிக்கவே இல்லை. “புது இடம், புதுக் குளிர். பையன் ஒன்று. ஒன்று என்றால் ஒன்றுதான், பழகட்டும்,” என்றார். அடுத்த ஆட்டத்தில் மூன்று. அதற்கும் அதே பதில். தன் பழைய கையுறையைக் கொண்டுவந்து கொடுத்தார். செவ்வாயும் வியாழனும் அவனைத் தனியே நிறுத்தி, நூறு பந்து, நூற்றைம்பது பந்து என்று அடித்துப் பழக்கினார்.

பாஸ்கரனுக்கு ஐப்பசி மாதம் ஒரு நாள் கடைசிப் பத்து நிமிடம் கிடைத்தது. கிடைத்த முதல் பந்திலேயே மூன்று பேரைக் கடந்து போய் மூலையில் அடித்தான். கோல். பார்த்துக்கொண்டிருந்த கிழவர்கள் கையிலிருந்த பியரை மறந்து எழும்பினார்கள். கமின்ஸ்கி மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

“குருட்டு அதிர்ஷ்டம். ஒரு ஐந்துக்கு வருசத்தில் ஒரு நாள் இப்படி வாய்க்கும்.”

அதை மொழிபெயர்க்காமல் கொறற்றி விழுங்கிக்கொண்டாள். வாசுதேவனைப் பார்த்தால் வருகிற அந்தக் குமட்டல், அன்றைக்குத்தான் முதன்முதலாக அவர் பக்கத்தில் இல்லாமலே வந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போவதே அவளுக்கு வெறுத்துப்போனது. அல்பேர்ட் பந்தைத் தவறவிட்டால் அது அனுபவம். பாஸ்கரன் தவறவிட்டால், நான் அப்போதே சொன்னேனே என்ற ஒரு பார்வை. மார்கழியில் பாஸ்கரன் தண்ணீர்ப் போத்தல் காவுகிறவனானான். மாசியில் அவன் வருவதே நின்றுபோனது. கண்ணுக்கு முன்னால் ஒரு நல்ல ஆட்டக்காரன் வாடி உதிர்ந்தான், கண்ணுக்கு முன்னால் ஒரு நடுத்தர ஆட்டக்காரன் தேறிக்கொண்டே வந்தான். ஆம், அல்பேர்ட் உண்மையிலேயே தேறிவிட்டான். அதுதான் கொறற்றிக்குப் பொறுக்கவில்லை. அவன் கடைசிவரை மோசமாகவே ஆடியிருந்தால், எல்லாம் ஒரு பிழை என்று சொல்லித் தப்பியிருக்கலாம்.

“வெள்ளைக்காரனுக்குப் பந்தடி தெரியாது, தங்கச்சி. எங்கடை கொலிச் பிள்ளையை வெளியிலை இருத்தி வைச்சிருக்கிறான்,” என்று மாரி முழுவதும் புலம்பிக்கொண்டு திரிந்தார் வாசுதேவன். பிறகு யாரோ அவருக்கு இலக்க விசயத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். புலம்பல் ஒரே நாளில் நின்றது.

வைகாசியில் அல்பேர்ட்டின் படம் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. கமின்ஸ்கி சொன்ன சொல் தவறவில்லை. வெளிநாட்டவர் அலுவலகத்தின் அனுமதி கையில் வந்துவிட்டது, ஒப்பந்தத்தில் திங்கட்கிழமை கையெழுத்து. அதற்கு முதல் சனிக்கிழமை பங்கு மண்டபத்தில் தமிழர் விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு விழா. வாசுதேவன் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“இண்டைக்கு இந்த எசன் நகரமே அல்பேர்ட் அல்பேர்ட் எண்டு சொல்லுது. ஆனால் அவன் வந்து இறங்கின அண்டைக்கே அவனுக்கு ஒண்டு எண்டு எழுதினது ஆர்? கொப்பி என்னட்டைக் கிடக்கு. வந்து பாக்கலாம். இந்த நாட்டிலை ஒண்டெண்டால் என்ன எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.”

கொப்பியை விரித்து மண்டபத்துக்குக் காட்டினார். மண்டபம் கைதட்டியது. அன்றைக்குக் கடலுக்குள் போகும் பந்தின் பகிடியைக் கேட்டுச் சிரித்தவர்களும் தட்டினார்கள். வெட்கம் கெட்ட மனுசன், வெட்கம் கெட்ட கூட்டம். ரோல்ஸ் பலகாரத் தட்டோடு நின்ற கொறற்றிக்கு அந்தத் தட்டை அப்படியே அவருடைய முகத்தில் விட்டெறியலாம் போலிருந்தது. எறியவில்லை. எறிந்தால் காரணம் சொல்லவேண்டி வரும். கதை கமின்ஸ்கியின் காதுக்குப் போகும். திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

குசினி வாசலில் பாஸ்கரன் நின்றான். மெலிந்திருந்தான்.

“அக்கா, ஒண்டு கேக்கலாமோ?”

“கேளும், தம்பி.”

“நானும் டொச் வகுப்புக்குப் போறன். போன மாசம் சோதினை வைச்சவை. எனக்கு ஐஞ்சு. நான் சந்தோசத்திலை சிரிச்சிட்டன். ஏன் சிரிக்கிறாய் எண்டு ரீச்சர் கேட்டா.” நிறுத்தினான். “அண்டைக்குப் பட்டியல் வாசிக்கேக்கை நீங்கள் அதிலை நிண்டனீங்கள். உங்களுக்குத் தெரியுமோ?”

“எனக்கு எப்பிடித் தெரியும், தம்பி. நானும் பிறகுதான் அறிஞ்சனான்.”

“அப்ப சரி, அக்கா. எனக்கு உண்மையா ஏலாதாக்கும் எண்டு நினைச்சுத்தான் நான் விட்டது.” அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. “நான் கமின்ஸ்கியிட்டைப் போய்க் கதைக்கட்டோ? நீங்கள் வந்து சொல்லித் தருவியளோ?”

“திங்கட்கிழமை கழியட்டும்,” என்றாள் கொறற்றி.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. அவனுக்கும் உறைத்தது. அவளுடைய முகத்தை நன்றாக ஒரு தரம் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பாள்.

“ஓம், அக்கா,” என்று சொல்லிவிட்டு, கதிரையில் கிடந்த தன் ஜாக்கெற்றை எடுத்துக்கொண்டு போனான்.

அன்றிரவு வீட்டுக்குப் போனதும் கண்ணாடி முன் நின்றாள். மூன்று வருசமாக வாசுதேவனை எந்தக் கண்ணால் பார்த்தாளோ, அதே கண்ணால் கண்ணாடியில் தன்னைப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தாள் யாருடைய மகன் என்று கேட்டுப் புள்ளி போட்டார். அவள் தன்னுடைய தம்பி என்பதற்காக வாயை மூடினாள். சீ, இதற்குள் நான் அவரைப் போய்ப் பழித்தேனே என்று நினைத்தாள்.

திங்கட்கிழமை கமின்ஸ்கியின் கம்பனி அலுவலகத்தில் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் அவள் அல்பேர்ட்டுக்கு மொழிபெயர்த்தாள். அவன் கையெழுத்திட்டான். கமின்ஸ்கியும் இட்டு, முத்திரை குத்தி, ஒரு பிரதியை மடித்து அவனிடம் கொடுத்தார். இனிப் பயமில்லை. இனிப் பயமில்லை என்று தெரிந்த பிறகுதான் தனக்கு வாய் வருகிறது என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

“ஐயா, ஒரு பிழை நடந்துவிட்டது,” என்று டொச்சில் தொடங்கினாள். எங்கள் நாட்டில் இலக்கம் கூடக் கூடத்தான் திறமை. அந்தப் பட்டியலில் ஐந்துதான் ஆக நல்லது. பாஸ்கரனுக்குப் போட்டது அதுதான். அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது, நான் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். கன்னம் எரிந்தது.

கமின்ஸ்கி முழுவதையும் கேட்டார். பிறகு சிரித்து, அவளுடைய கையில் மெல்லத் தட்டினார்.

“நீங்கள் நல்ல மனம் உள்ள பெண். அந்தப் பையனுக்காகப் பரிந்து பேசுகிறீர்கள். ஆனால் பட்டியலைப் பார்த்து ஆளை மதிக்கிறவன் நான் இல்லை. அதை அன்றைக்கே எங்கேயோ போட்டுவிட்டேன். ஒரு பருவம் முழுக்க என் இரண்டு கண்ணாலும் அவனைப் பார்த்தேன். பாவம், அவன் ஐந்துதான்.”

அவள் மறுபடி சொல்லப் பார்த்தாள். அவர் எழும்பிக் கதவைத் திறந்துவிட்டார்.

வெளியே வந்ததும் அல்பேர்ட் ஒப்பந்தத்தை நெஞ்சுப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினான்.

“பாஸ்கரன்ரை பேர் அடிபட்டுது. என்னவாம், அக்கா?”

“அவனுக்குப் பந்தடி வராதாம்.”

“அது உண்மைதானே,” என்றான் அல்பேர்ட்.